எண்பது புள்ளி ஒன்பது

பாத்துங்க, பாத்துங்க, அந்தப் பையை மிதிச்சுறாதீங்க! உள்ள கண்ணாடி இருக்கு. இல்லங்க, வளையல் இல்ல. என்னையப் பாத்தா வளையல் விக்கிறவ மாதிரியா இருக்கு? எங்க வீட்டுக்காரரோட ஸ்லைடு. ஆசுபத்திரி ஸ்லைடு. நீங்க ஜன்னலோரமா போயிருங்க, எனக்கு வேணாம். காத்து மூஞ்சியில அடிச்சா தல கனத்துப் போகும். பையை மடியில வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் எனக்கு நிம்மதி. ம், இப்பச் சரி.

நீங்க எங்க, திருச்சியா? குடுத்துவச்சவங்க, சீக்கிரம் இறங்கிருவீங்க. நான் மெட்ராஸ் போறேன். அங்க ஒரு அம்மா டாக்டர் இருக்காங்களாம். ஸ்லைடு பாக்குறதுல பெரிய கையாம். மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்ச உடனே, இது இன்ன எடத்துல இருந்து வந்ததுன்னு புட்டுப் புட்டு வைப்பாங்களாம். அவங்ககிட்டக் காட்டத்தான் போறேன். இங்க இருக்கிறவனுங்க ஒருத்தனுக்கும் துப்பு இல்ல.

ஸ்லைடுன்னா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. உடம்புல இருந்து நூல் மாதிரி கொஞ்சூண்டு சதை எடுப்பாங்க. அதை மெழுகுல பதிச்சுக் கட்டியாக்குவாங்க. அந்த மெழுகைப் பூண்டுத் தோலைவிட மெல்லிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டி, சாயம் ஏத்திப் பாப்பாங்க. கண்ணாடியும் பையில இருக்கு, மெழுகுக் கட்டியும் இருக்கு. ரெண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். மெழுகு பத்து வருஷம் ஆனாலும் கெடாது தெரியுமா? அதுபாட்டுக்குக் கெடக்கும். வெயிலு மட்டும் ஆகாது.

எங்க வீட்டுக்காரருக்குக் கேன்சர். அதை எதுக்கு மென்னு முழுங்கணும்? கல்லீரல்ல இருக்கு, முதுகெலும்புல இருக்கு. ஆனா எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லத் தெரியலங்க இவனுங்களுக்கு! மூணு ஆசுபத்திரி ஏறி இறங்கியாச்சு. மூணு எடத்துலயும் ஒரே பாட்டு. ‘ப்ரைமரி தெரியலம்மா.’ ப்ரைமரின்னா முதல்ல ஆரம்பிச்ச எடம். தெரியலயாம்! படிச்சவன் பேசுற பேச்சா இது? ஒரு மெக்கானிக்குகிட்ட வண்டியை விட்டா, எங்க ஒழுகுதுன்னு தெரியல, ஆனா ஒழுகுதுன்னு சொல்லுவானா? சொன்னா விடுவோமா?

அதுவும் யாருகிட்டச் சொல்றாங்கங்கிறீங்க. எங்கிட்டச் சொல்றாங்க.

நான் யாருன்னு நீங்க கேக்கலயே. நான் கேன்சர் பதிவேட்டு ஆபீஸ்ல வேலை பாக்குறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல யாருக்குக் கேன்சர் வந்தாலும் அது எங்க ஆபீஸுக்கு வந்தாகணும். ஆசுபத்திரி ஆசுபத்திரியாப் போயி விவரம் எடுத்துட்டு வருவோம். எடுத்துட்டு வந்து ஒவ்வொரு கட்டிக்கும் ரெண்டு நம்பர் போடுவோம். ஒண்ணு, அது உடம்புல எங்க ஆரம்பிச்சதுங்கிறதுக்கு. இன்னொண்ணு, அது என்ன ரகம்ங்கிறதுக்கு. மைக்ராஸ்கோப்புல எப்படித் தெரியுதோ அதை வச்சுப் போடணும். மார்ஃபாலஜின்னு பேரு. நாலு எண்ணு, ஒரு சாய்வுக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எண்ணு. அந்தக் கடைசி எண்ணுலதாங்க எல்லாம் இருக்கு. சைபர்னா சாது, அதுபாட்டுக்குக் கெடக்கும். ரெண்டுன்னா இன்னும் இருந்த எடத்தைவிட்டு நகரல. மூணுன்னா பொல்லாதது. ஆறுன்னா வேற எங்கயோ கெளம்பி வந்து இங்க உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

உலகம் பூரா ஒரே புஸ்தகம்தான். ஜப்பான்காரனும் அதே நம்பர்தான் போடுறான், நானும் அதே நம்பர்தான் போடுறேன். உங்க கன்னத்துல இருக்கே மச்சம், அதுகூட அதுல இருக்கு. எட்டு ஏழு ரெண்டு சைபர், கோடு, சைபர். அய்ய, கைய எடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல. சைபர்னு சொன்னேன்ல.

இந்த நம்பரெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும். மார்புன்னா அம்பது. இரைப்பைன்னா பதினாறு. கர்ப்பப்பை வாய்னா அம்பத்திமூணு. டவுன் பஸ்ல அம்பத்திமூணாம் நம்பர் வந்தா நான் ஏற மாட்டேன், அடுத்த வண்டிக்கு நிப்பேன். எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு. ‘உனக்காக டிப்போவுல நம்பரையா மாத்துவாங்க’ம்பாரு. அவரு கண்டக்டரு. இன்னாசி கண்டக்டர்னா இந்த ரூட்டுல தெரியாத ஆளு கெடையாது. இதே ரோடுதான். திண்டுக்கல்லு திருச்சி, திருச்சி திண்டுக்கல்லு. ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் இதுலதான் நின்னாரு.

எதைச் சொல்ல வந்தேன்? ஆமா, ஆறு. ஆறுங்கிறதை நாங்க பதியக் கூடாது. ஆறு வந்துச்சுன்னா அது எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் புடிச்சு, அந்த எடத்தைப் போட்டு, மூணுன்னு பதியணும். தேடியும் கெடைக்கலன்னா, அதுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கான். எண்பது புள்ளி ஒன்பது. எடம் தெரியாது. சேசுவே, அந்த நம்பரைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்! சோம்பேறிகளுக்குன்னே கண்டுபிடிச்ச நம்பருங்க அது.

ஆபீஸ்ல தேன்மொழின்னு ஒரு புள்ள இருக்கு. நல்ல புள்ளதான், சொன்னாப் புரிஞ்சுக்கும். சேந்த புதுசுல ஒரு கேஸ் எடுத்துட்டு வந்தா. கல்லீரல்ல எடுத்த சதை, அடினோகார்சினோமாங்கிற ரகம், எட்டு ஒண்ணு நாலு சைபர். நேரா கல்லீரல்னு போட்டு வச்சிருக்கா! ஏண்டி, கல்லீரல்ல எடுத்தா அது கல்லீரல்ல பொறந்ததா? பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன்லாம் பஸ் ஸ்டாண்டுலயா பொறந்தான்? வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அழுதுட்டு எண்பதுன்னு மாத்திக் கொண்டாந்தா. அதுக்கும் வாங்கினேன். போ, போயி அந்த ஆளோட பழைய ஸ்கேனைத் தேடு, எந்த டாக்டரைப் பாத்தான்னு கேளு, கெடைக்கிற வரைக்கும் ஆபீஸுக்கு வராதன்னுட்டேன். கெடைச்சுச்சே! குடல்ல இருந்துச்சு. தேடினாக் கெடைக்கும்ங்க. கெடைக்காதுங்கிறதெல்லாம் சும்மா.

எங்க ஆபீஸ்ல எண்பது விழுறதே அபூர்வம். மீட்டிங்குல அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுவாங்க. எல்லாம் நான் நாயா அலைஞ்சது. ஒரு தடவை ஒரு ஆளு எறந்து போயிட்டாரு, பேரெல்லாம் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். எடம் தெரியல. அவரு சம்சாரத்துக்குப் போன் போட்டேன். ‘அம்மா, முதல்ல எங்க வலின்னு சொன்னாரு, எதுக்காக ஆசுபத்திரிக்குப் போனாரு’ன்னு தன்மையாத்தான் கேட்டேன். அந்தம்மா எடுத்த எடுப்புலயே கத்துது. ‘ஆளே போயிட்டாரு, எங்க ஆரம்பிச்சா உனக்கு என்ன, நீ நல்லா இருப்பியா’ங்குது. எனக்கு என்னவாம்! நாட்டுக்காகக் கேக்குறேன், எனக்காகவா கேக்குறேன்? ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லங்க. நான் விடல. மறுவாரம் வேற ஆளை வச்சுக் கேட்டு வாங்கிட்டேன்.

இருங்க, போனு. ம். எங்க மக ஜெனோவா. கெடக்கட்டும். நான் போயி எறங்குறதுக்குள்ள நாப்பது தடவை கூப்பிடுவா. காலையில இருந்தே எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா. ‘இந்த நெலமையில அப்பாவை விட்டுட்டுப் போறியேம்மா’ங்குறா. நான் என்ன ஊர் சுத்தவா போறேன்?

ஈஸ்டர் முடிஞ்ச கையோட முதுகு வலிக்குதுன்னாரு. காலம்பூரா பஸ்ல நின்னுக்கிட்டே வந்த மனுசன், வலிக்காம என்ன செய்யும்னு தைலம் தேச்சுவிட்டேன். அப்புறம் சாப்பாடு எறங்கல. பேண்ட்டு இடுப்புல நிக்கல. ஸ்கேன் பண்ணினா கல்லீரல் பூராவும் புள்ளி புள்ளியா இருக்கு. ஊசி போட்டு சதை எடுத்தாங்க. ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். கவரைப் பிரிச்சு, டாக்டருக்கு முன்னாடியே படிச்சுட்டேன். அடினோகார்சினோமா, மெட்டாஸ்டாட்டிக். எட்டு ஒண்ணு நாலு சைபர், கோடு, ஆறு. ஆறுங்க. என் கண்ணு முதல்ல அந்த ஆறைத்தான் தேடுச்சு. அவரு வெளிய பெஞ்சுல உக்காந்து யாரோ ஒரு புள்ளைக்கு விசிலடிச்சுக் காட்டிக்கிட்டிருந்தாரு.

அன்னைக்கு ஆரம்பிச்சேன் அலைச்சலை. வாய் வழியா குழாய் விட்டுப் பாத்தாச்சு, கீழ இருந்து விட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. நுரையீரல் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. உடம்பு முழுக்க எடுக்கிற பெட் ஸ்கேன், அதுலயும் கல்லீரலும் எலும்பும்தான் விளக்கு மாதிரி எரியுது, வேற எங்கயும் எரியல. சாயம் மாத்தி மாத்தி மார்க்கர் டெஸ்ட் பண்ணினாங்க. அதுல இதுவா இருக்கலாம், அதுவா இருக்கலாம்னு வந்துச்சு. இருக்கலாம்னா அதுக்கு நான் என்ன நம்பருங்க போடுறது?

கடைசியாப் பாத்த டாக்டரு, கருணாகரன்னு பேரு, சின்ன வயசுதான். என்னைய உக்கார வச்சு மெதுவாச் சொல்றாரு. ‘அம்மா, சில பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும். இனிமே தெரிஞ்சாலும் மருந்துல பெருசா மாத்தம் வராது. அவரு உடம்பு தாங்குற நெலமையில இல்ல. வலி இல்லாமப் பாத்துப்போம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கூட இருங்க.’

கூட இருக்கணுமாம்! நான் கூட இல்லாம வேற எங்க இருக்கேன்? லேபுக்கும் லேபுக்கும் யாரு அலையுறது? ஸ்லைடுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? வாயில நல்லா வந்துச்சு. வயசான பொம்பளையாச்சேன்னு அடக்கிக்கிட்டேன். ‘டாக்டர், உங்க ஆசுபத்திரியில இருந்து வர்ற ரிப்போர்ட்டுலதான் எனக்கு எண்பது ஜாஸ்தி’ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். முழிச்சாரு.

இவரு என்னடான்னா அதுக்கு மேல. ராத்திரி நான் புலம்புறேன், எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாத்தானங்க ஒரு வழி பொறக்கும்னு. இவரு படுத்தமேனிக்கு சிரிக்கிறாரு. ‘அமலோற்பவம், நீ செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரியே பேசுறடி. அவனுங்கதான் பாதி வழியில ஏறி, எங்க ஏறுன, எங்க ஏறுனன்னு பேசஞ்சரைப் போட்டு வதைப்பானுங்க. ஆளு வண்டிக்குள்ள வந்தாச்சு. இனிமே எங்க ஏறுனா என்ன? எறங்குற எடம் வந்தா எழுப்பிவிடு, அது போதும்’னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா?

இன்னொண்ணு கேளுங்க, சிரிப்பீங்க. பெட் ஸ்கேனுக்கு முன்னாடி, அப்ப நல்லா நடந்துக்கிட்டிருந்தாரு, ஒரு நாள் காலையில குளிச்சு, சட்டை மாத்தி, பவுடரெல்லாம் போட்டுட்டு வந்து நிக்கிறாரு. ‘கெளம்பு, பஸ்ல திருச்சி போயிட்டு வருவோம்’ங்கிறாரு. எதுக்குன்னேன். ‘எதுக்குமில்ல, சும்மா. ரெண்டு பேர் சீட்டுல, நீ ஜன்னலோரம், நான் பக்கத்துல. திருச்சியில எறங்கி ஒரு காப்பியக் குடிச்சிட்டுத் திரும்பிருவோம்’னாரு. சும்மா யாராவது திருச்சிக்குப் போவாங்களாங்க? ‘இத்தனை வருசம் இந்த ரோட்டுல போயிருக்கேன், ஒரு தடவைகூட உக்காந்து வெளிய பாத்ததில்லடி’ங்கிறாரு. அது வாஸ்தவந்தான். அவரு வண்டியில நான் போயிருக்கேன், நான் முன்னாடி லேடீஸ் சீட்டுல இருப்பேன், அவரு பின்னாடி நின்னு டிக்கெட்டு கிழிச்சுக்கிட்டிருப்பாரு. லீவு நாள்ல எங்கயாவது கூப்பிட்டா, ‘மறுபடியும் பஸ்ஸா, ஆளை விடு’ன்னு படுத்துருவாரு. இப்ப வந்துருச்சு ஆசை, பச்சப்புள்ளைக்கு வர்ற மாதிரி.

நான் என்ன சொன்னேன்? முதல்ல குழாய் விட்டுப் பாக்குறது முடியட்டும், அப்புறம் பஸ்ஸுன்னேன். சரின்னு சட்டையைக் கழட்டிட்டாரு. அது முடிஞ்சப்புறம் திரும்பக் கேட்டாரு. பெட் ஸ்கேன் எடுக்கணும், அது முடியட்டும்னேன். அது முடிஞ்சப்ப மார்க்கர் ரிப்போர்ட்டு வரட்டும்னேன். அப்புறம் அவரு கேக்கல. கேக்காததே நல்லதாப் போச்சு. இப்ப ரெண்டு தலகாணி முட்டுக் குடுத்தாத்தான் உக்காரவே முடியுது. இந்த உடம்போட பஸ்ஸா? குலுக்குற குலுக்குல எலும்பு என்னத்துக்கு ஆகும்? நான் செஞ்சது சரிதான. சொல்லுங்க, சரிதான?



திரும்பவும் போனு. ஜெனோவா இல்ல, தேன்மொழி. இருங்க, இதை எடுத்துருவோம். சொல்லும்மா... ஆமா, வண்டியில இருக்கேன்... என்ன கேஸு?... ம்... ம்... பேரு தெரியும்டி எனக்கு, வீட்டு அட்ரஸைப் பாத்தும் உனக்குத் தெரியலயா?... அழுகாத. எதுக்கு இப்ப அழுகுற? ஒண்ணும் போடாத. எடத்துக்கிட்ட காலியா விட்டு வை. சாயங்காலம் மெட்ராஸ்ல இருந்து சொல்றேன், சரியான நம்பர் சொல்றேன். அதுவரைக்கும் கை வைக்காத. சொல்றது கேக்குதா? எண்பது போட்டேன்னா வந்து கையை ஒடிச்சுருவேன். வை.

பாத்தீங்களா? ஆசுபத்திரியில இருந்து வந்த மொத்தக் கேஸ்ல இவரு பேரும் வந்திருக்கு. வரத்தான செய்யும். எல்லாரு வீட்டுக் கேஸும்தான் வருது. அந்தப் புள்ள பேரைப் பாத்துட்டு, என்ன போடட்டும்னு எங்கிட்டயே கேக்குது. நான்தான பழக்கிவிட்டேன், எண்பது வந்தா நேரா எங்கிட்டக் கேக்கணும்னு.

என் கையால இவருக்கு எண்பது போடுவேனா நான்? ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன். என் புருசனுக்கு எடம் தெரியாதுன்னு போட்டுட்டுச் சும்மா உக்காரணுமா? அப்புறம் இத்தனை வருசம் நான் என்னத்தக் கிழிச்சேன்?

காலையில கெளம்புறப்ப முழிச்சிருந்தாரு. செருப்பு மாட்டிக்கிட்டிருக்கேன், ‘இன்னைக்கே போகணுமா’ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. ‘போனாத்தான ஆகும், உங்களுக்காகத்தான போறேன்’னு நான்தான் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். ‘சரி, இடது பக்கமா உக்காரு. காலையில அந்தப் பக்கம்தான் வெயிலு அடிக்காது’ன்னாரு. இதாங்க அவரு. உசுரு போற வலியிலயும் சீட்டுதான் முக்கியம்.

இவ விட மாட்டா. ஜெனோவாதான் திரும்ப. எடுக்கச் சொல்றீங்களா? எடுத்தா அழுவா, அதான் எடுக்கல. சரி, நீங்க சொல்றதுக்காக எடுக்குறேன்.

என்னடி உனக்கு... ஏங்க? நீங்களா?... ஏன் நீங்க பேசுறீங்க, மூச்சு வாங்கும்ல... ம்... இப்பத்தான் வையம்பட்டி தாண்டுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?... ம், இடது பக்கம்தான்... ஆமா, கெடைச்சுச்சு. ஜன்னலோரம்தான் உக்காந்திருக்கேன்... தெரியுதுங்க, மலையெல்லாம் நல்லாத் தெரியுது... பக்கத்துலயா? ஒரு அம்மா இருக்காங்க. திருச்சி போறாங்களாம்... என்னங்க? கேக்கல, வண்டி சத்தம் போடுது... ம்... ம்... கஞ்சி குடிச்சீங்களா? ரெண்டு வாயாவது குடிங்க... சரி. சரிங்க. போனைப் புள்ளைகிட்டக் குடுங்க... வச்சுட்டாரு.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னு கேட்டாருங்க. சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்குச்சு. அப்புறம், ‘அந்த அம்மாவுக்கு நல்லா எடம் விட்டு உக்காரு, பையை வச்சு இடிக்காத’ன்னு சொன்னாரு. அம்புட்டுத்தான்.

ஜன்னலோரம்னு எதுக்குப் பொய் சொன்னேன்? நீங்கதான உக்காந்திருக்கீங்க. மலை தெரியுதுன்னு வேற சொன்னேன். நான் வெளியவே பாக்கல. திண்டுக்கல்லுல ஏறுனதுல இருந்து இந்தப் பையைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்.

இல்ல, நான் அழுகல. காத்து. உங்க ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. வேணாம், தொறந்தே இருக்கட்டும்.

அப்படி அந்த அம்மா டாக்டரு கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்கன்னு வைங்க. கணையம்னு சொல்றாங்க, இல்ல பித்தப்பைன்னு சொல்றாங்க. நான் தேன்மொழிக்குப் போன் போட்டுச் சொல்லுவேன். அவ போட்டுருவா. அப்புறம்? நாளைக்குத்தான் வண்டி ஏறணும். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போவேன். போயி அவருகிட்டச் சொல்லணும், ஏங்க, கண்டுபிடிச்சாச்சுன்னு. ‘அப்படியாடி’ன்னு கேப்பாரு. முழிச்சிருந்தாக் கேப்பாரு.

அவரு குரலு இப்படி இருந்ததே இல்லங்க. பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டா டிரைவருக்குக் கேக்குற குரலு அது. இப்பப் பாதி வார்த்தை எனக்கே கேக்கல.

தம்பி! கண்டக்டர் தம்பி! இங்க வாங்க. மணப்பாறை வந்துருச்சா?... பைபாஸ்ல நிறுத்துங்க, நான் எறங்கணும்... மெட்ராஸ் டிக்கெட்டுதான், எனக்குத் தெரியாதா? கெடக்குது டிக்கெட்டு... நிறுத்த மாட்டீங்களா? ஏன் நிறுத்த மாட்டீங்க? இந்த ரூட்டுல இன்னாசின்னு ஒரு கண்டக்டர் இருந்தாரு, கேட்டிருக்கீங்களா? பொம்பளையாளு எறங்கணும்னு கேட்டா காட்டுல வச்சுக்கூட நிறுத்துவாரு. நான் அவரு சம்சாரம். விசிலை அடிங்க முதல்ல!... ம். நல்லா இரு தம்பி.

என்ன அப்படிப் பாக்குறீங்க? மெட்ராஸுக்கு இன்னொரு நாளு போலாம். அடுத்த மாசம்கூடப் போலாம். மெழுகு எங்க போயிறப் போகுது, அதான் சொன்னேன்ல, பத்து வருசம் ஆனாலும் கெடாதுன்னு. மனுசனை அப்படி வைக்க முடியலயே. தேன்மொழி எண்பது போட்டாலும் போட்டுட்டுப் போறா. இல்ல, போடக் கூடாது... என்னத்தையோ போடட்டும், எனக்கு இப்ப அதைப் பத்திப் பேச நேரமில்ல.

இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க, காலையும் நகத்துங்க. செருப்பு ஒண்ணு சீட்டுக்கு அடியில போயிருச்சு. ஆ, கெடைச்சுருச்சு. பையைக் குடுங்க. மெதுவால்லாம் வேணாங்க, கண்ணாடி ஒடைஞ்சா மெழுகுல இருந்து திரும்பச் சீவிக்கலாம். சீக்கிரம் குடுங்க, எதுத்தாப்புல திண்டுக்கல் வண்டி வருது.